பட்டினியிலும் நிற்காத பேதி

குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றால் வீட்டில் எல்லோரும் முதலில் விசாரிப்பது, அது கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதைத்தான். கல்யாண வீட்டில் கொடுத்த ஐஸ்கிரீமா, புதிதாக மாற்றிய பால் பவுடரா, தரையில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதா? பல் முளைக்கிற வயதென்றால் பழி பல்லின் மேல் போகும். (பாவம் பல். கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிற வயது அது. கிருமி அந்த வழியாகப் போகிறது.) வைத்தியமும் அதே தடத்தில் நடக்கும். பாலை நிறுத்து, கஞ்சியை நிறுத்து, வயிறு கொஞ்சம் காயட்டும். உள்ளே போனால்தானே வெளியே வரும்?

சாதாரணப் பேதியில் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே போனால்தான் வெளியே வரும் என்ற எண்ணமே சரிதானா என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய கேள்வி. அதைப் பொய்யாக்குகிற குழந்தைகள் சிலர் உண்டு. மிக மிகச் சிலர்.

அப்படிப்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் வயது ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும். மலத்தில் ரத்தமில்லை, சீதமில்லை, எண்ணெய்ப் பசையுமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, பசும்பாலை நிறுத்திப் பார்த்தாயிற்று, கோதுமையையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. கடைசியில் மருத்துவமனையில் சேர்த்து, வாய்வழியே எதுவும் தராமல், ரத்தக் குழாய் வழியாக டிரிப்ஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு நாளோ இரண்டு நாளோ கவனிக்கிறார்கள். அப்போதும் நிற்பதில்லை. நடு இரவில், குழந்தை தூங்கும்போதுகூடப் போகிறது.

வயிற்றுக்குள் ஒரு சொட்டுப் பாலும் போகாதபோது இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழந்தையின் சொந்த ரத்தத்திலிருந்து. ரத்தத்தின் நீரும் உப்பும் குடலின் சுவர் வழியாக உள்ளே கசிந்து, மலமாக வெளியேறுகின்றன. அப்படிக் கசியச் சொல்லிக் குடலுக்கு ஓயாமல் உத்தரவிடுவது, குடலைத் தொடாமல் எங்கோ முதுகெலும்பு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கட்டியாக இருக்கலாம். இதை மருத்துவம் எப்படிக் கண்டுபிடித்தது என்பது நோயைவிடச் சுவையான கதை. ஆனால் முதலில் குடலைப் பற்றிக் கொஞ்சம்.

குடலை நாம் ஒரு குழாயாக நினைத்துக்கொள்கிறோம். மேலே போட்டது, சத்து உறிஞ்சப்பட்டபின், கீழே வருகிறது என்று. ஆனால் வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் ஏறக்குறைய 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் நாம் சாப்பிட்டும் குடித்தும் உள்ளே அனுப்புவது 2 லிட்டர்தான். மீதி 7 லிட்டரும் உடம்பு தானே ஊற்றுவது: எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். இத்தனையும் வந்து, கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர். மற்றதெல்லாம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஆக, குடல் ஒரே நேரத்தில் ஊற்றவும் செய்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் பெரும்பாலும் உறிஞ்சுகின்றன. அவற்றின் அடியிலிருக்கும் நுண்குழிகள் பெரும்பாலும் சுரக்கின்றன. இரண்டுக்குமுள்ள சிறு வித்தியாசம்தான் மலத்தின் ஈரம். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் பேதி.

இன்னொரு விஷயம். தண்ணீரை நேராக இழுக்கிற இயந்திரம் எதுவும் நம் செல்களில் கிடையாது. செல்கள் உப்பைத்தான் நகர்த்துகின்றன. உப்பு போகும் பக்கம் தண்ணீர் பின்னால் போகிறது. பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதுதான். பேதியை இரண்டாகப் பிரிக்க இந்த ஒரு விதி போதும்.

முதல் வகையில், குடலால் உறிஞ்ச முடியாத ஏதோ ஒன்று உள்ளே தங்கிப்போய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பவர்களுக்குப் பால் குடித்தால் நேர்வது இது. பாட்டில் பாட்டிலாகப் பழச்சாறு குடிக்கும் குழந்தைக்கு நேர்வதும் இதுவே. சவ்வூடு வயிற்றுப்போக்கு என்று இதைச் சொல்லலாம். காரணமான உணவை நிறுத்தினால் பேதியும் நிற்கும். வீட்டுப் பெரியவர்களின் கணக்கு இங்கே பொருந்துகிறது. இரண்டாவது வகை சுரப்பு வயிற்றுப்போக்கு. இதில் குடல் செல்கள் தாமாகவே உப்பை உள்ளே கொட்டுகின்றன, தண்ணீர் அதன் பின்னால் ஓடிவருகிறது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டினி போட்டாலும் போகும்.

பட்டினிச் சோதனையை மருத்துவமனையில், டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டுதான் செய்ய வேண்டும். வீட்டில் செய்து பார்த்தால் குழந்தைக்கு ஆபத்து. அதைவிட எளிதான வழி ஒன்றும் இருக்கிறது. மலத்தின் தண்ணீரில் சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். அவை நேர்மின் அயனிகள். ஒவ்வொன்றோடும் எதிர்மின் அயனி ஒன்று கூடவே இருந்தாக வேண்டும் என்பதால் கூட்டுத்தொகையை இரட்டிப்பாக்குவார்கள். உடல் நீரின் மொத்தக் கரைபொருள் அடர்த்தி 290 என்ற அளவை ஒட்டியிருக்கும். இரட்டித்த தொகை அதற்குப் பக்கத்திலேயே வந்து, இடைவெளி 50க்கும் குறைவாக இருந்தால், மலத்தில் இருப்பதெல்லாம் உடம்பின் உப்பு. குடல் சுரக்கிறது என்று பொருள். இடைவெளி 100ஐத் தாண்டினால், கணக்கில் வராத வேறு ஏதோ, பெரும்பாலும் செரிக்காத சர்க்கரை, அங்கே தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. செலவு அதிகமில்லாத சோதனை. ஆனால் நாள்பட்ட பேதியில் ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் பல இடங்களில் இதன் நினைவு வருகிறது.

சுரப்பு வயிற்றுப்போக்கில் உலகம் முழுக்கத் தெரிந்தது காலரா. காலராக் கிருமி குடலை அரிப்பதில்லை, புண்ணாக்குவதில்லை. அது வெளிவிடும் நச்சுப்பொருள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார். கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். ஒரு கிருமிகூட இல்லாத அந்த நீரே குடலைத் தண்ணீரால் நிரப்பிவிட்டது. அதன் பிறகு பல ஆய்வகங்களில் நடந்த வேலை, நச்சு செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியது.

வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பொத்தான், சுவருக்குள் ஒயர், உள்ளே மணி. குடல் செல்லின் வெளிப்புறத்திலும் இப்படிப் பொத்தான்கள் உண்டு. ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். நரம்பு நுனியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் பொத்தானில் கை வைத்தால், உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அதுதான் மணிச்சத்தம். சத்தம் கேட்டதும் செல், குடலின் உட்பக்கம் பார்த்த குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியம் பின்னால் போக, தண்ணீர் அதன் பின்னால் போகிறது. அதே நேரத்தில் சோடியத்தை உள்ளே இழுக்கும் ஒரு முக்கிய வழியும் அடைபடுகிறது. இயல்பான நிலையில் விரல் ஒரு கணம் பட்டு விலகிவிடும். குடலுக்கு வேண்டிய வழவழப்புக்கு அவ்வளவு ஈரம் போதும். காலரா நச்சு பொத்தானின் உதவியை எதிர்பார்ப்பதில்லை. செல்லுக்குள் புகுந்து ஒயரையே ஒட்டவைத்துவிடுகிறது. யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும், அந்தச் செல் உதிர்ந்து புதிய செல் வரும்வரை. குடல் செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும் என்பதால்தான், நீரிழப்பில் உயிர் போகாமல் காப்பாற்றிவிட்டால், காலரா சில நாட்களில் தானே ஓய்கிறது.

நம் குழந்தைக்கு ஓயவில்லை. ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நிற்கிறார்கள்.

அந்த யாரோவைத் தேடும் வேலை பெரியவர்களிடம்தான் தொடங்கியது. 1958இல் அமெரிக்காவில் வெர்னர், மாரிசன் என்ற இரு மருத்துவர்கள், எதற்கும் கட்டுப்படாத தண்ணீர்ப் பேதியும் ரத்தத்தில் பொட்டாசியக் குறைவும் இருந்த நோயாளிகளின் கணையத்தில் கட்டி இருந்ததைப் பதிவு செய்தார்கள். இன்சுலின் சுரக்கும் செல்கள் இருக்கும் கணையத் தீவுகளிலிருந்து வளர்ந்த கட்டி. கணையக் கட்டியும் பேதியும் சேர்ந்து வருவது அப்போது முற்றிலும் புதிதல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1955இல், ஸோலிங்கர், எல்லிசன் இருவரும் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கிப் புண்ணுண்டாக்கும் ஒரு கணையக் கட்டியை விவரித்திருந்தார்கள்; அந்த நோயாளிகளிலும் பேதி உண்டு. இதுவும் அதன் இன்னொரு முகமோ என்ற குழப்பம் இருந்தது. குழப்பத்தைத் தீர்த்தது ஒரு எளிய கவனிப்பு: வெர்னரும் மாரிசனும் சொன்ன வகை நோயாளிகளுக்கு இரைப்பையில் அமிலம் கூடவில்லை, இல்லாமலே போயிருந்தது, அல்லது மிகக் குறைந்திருந்தது. அப்படியானால் கட்டி சுரக்கும் பொருளும் வேறாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பேதி, பொட்டாசியக் குறைவு, அமிலமின்மை மூன்றையும் சேர்த்து 1967இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள் தனி நோய்த்தொகுதியாகப் பெயரிட்டார்கள். கணையக் காலரா என்ற பெயரும் வழக்கில் வந்தது. ஆனால் அந்தப் பொருள் எது?

அதைக் கண்டுபிடித்தவர் பேதியைத் தேடிப் போகவே இல்லை. எகிப்தில் பிறந்த சாமி சயீத் நுரையீரல் மருத்துவர். நுரையீரல் சாற்றில் ரத்தக் குழாய்களை விரியவைத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏதோ ஒன்று இருப்பதாகக் கண்டு அதைத் துரத்திக்கொண்டிருந்தார். அந்தத் தேடல் அவரை ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வுக்கூடத்துக்கு, விக்டர் மூட் என்பவரிடம் கொண்டுபோனது. மூட் பன்றிக்குடலிலிருந்து ஹார்மோன்களைப் பிரித்தெடுப்பதில் கைதேர்ந்தவர். இருவருமாக 1970இல் அந்தக் குடல் சாற்றிலிருந்து 28 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் குழாய்மேல் வேலை செய்கிற, குடலில் கிடைத்த பெப்டைடு என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உலகம் அதை வி.ஐ.பி. என்று கூப்பிடுகிறது.

1973இல் லண்டனில் ஸ்டீபன் புளூம், ஜூலியா போலக், எவர்சன் பியர்ஸ் மூவரும் தண்ணீர்ப் பேதி நோயாளிகளின் ரத்தத்திலும் கட்டியிலும் வி.ஐ.பி. மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். ரத்தத்தில் நுண்ணளவில் மிதக்கும் ஹார்மோனை, அதற்கென்றே உருவாக்கிய எதிர்ப்பொருளையும் கதிரியக்கக் குறியையும் வைத்து அளக்கும் முறை அப்போது மருத்துவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. அந்த முறைக்காகத்தான் ரோசலின் யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். லண்டன் கண்டுபிடிப்புக்கு அடுத்த ஆண்டே, 1974இல், வி.ஐ.பி. குடல் செல்லில் சுழல் ஏ.எம்.பி.யைப் பெருக்கி உப்பைச் சுரக்கவைக்கிறது என்றும் தெரிந்தது. காலரா நச்சு அடிக்கிற அதே மணி.

வழக்கு முடிந்ததென்று தோன்றும். ஆய்வாளர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு பொருள் நோயாளியின் ரத்தத்தில் அதிகமாக இருப்பதால் மட்டும் அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. கட்டி இன்னும் பல பொருள்களைச் சுரக்கலாம். அவற்றில் ஒன்று பேதியை உண்டாக்க, வி.ஐ.பி. வெறுமனே கூட இருந்திருக்கலாம். புரோஸ்டாகிளாண்டின்கள் போன்ற வேறு சந்தேக நபர்களும் இருந்தார்கள். தூய வி.ஐ.பி.யை மட்டும் கொடுத்துப் பேதியை வரவழைத்தாலொழிய நிரூபணமில்லை. 1978இல் பன்றிகளுக்கு ஏற்றினார்கள், பேதி வந்தது. 1983இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 5 பேர் முன்வந்தார்கள். 10 மணி நேரம் அவர்களின் ரத்தத்தில் வி.ஐ.பி.யைச் செலுத்தினார்கள், நோயாளிகளின் ரத்தத்தில் காணப்படும் அளவுக்கு. ஐந்து பேருக்கும் தண்ணீர் தண்ணீராகப் போனது. மருத்துவ ஆய்விதழில் வறண்ட நடையில் அச்சாகியிருக்கும் அந்த ஐந்து பேரின் ஒரு நாளை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை தோன்றும். தாமாக வந்து பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

இனி குழந்தைகள். பெரியவர்களில் வி.ஐ.பி. கட்டி பெரும்பாலும் கணையத்தில் வரும். அதுவும் ஆண்டுக்கு ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு என்ற அளவில். குழந்தைகளில் கணையத்தில் வருவது அதைவிட அரிது. அவர்களுக்கு வேறு இடத்தில் வருகிறது. வி.ஐ.பி.யின் பெயரே உலகத்துக்குத் தெரியாத 1959ஆம் ஆண்டில், ஒரு குழந்தை மருத்துவ இதழில் மூன்று நோயாளிகளைப் பற்றிய குறிப்பு வெளியானது. மூவருக்கும் நாள்பட்ட பேதி. மூவருக்கும் கேங்லியோநியூரோமா என்ற நரம்புக் கட்டி. கட்டிக்கும் பேதிக்கும் ஏதோ தொடர்பிருக்கிறது என்பது வரை சொல்ல முடிந்தது. என்ன தொடர்பென்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நரம்புக்கும் பேதிக்கும் என்ன உறவு? இதைப் புரிந்துகொள்ளக் கருவில் முதல் சில வாரங்களுக்குப் போக வேண்டும். கருவின் முதுகுப் பக்கத்தில் தண்டுவடமாக ஆகப்போகும் குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பில் ஒரு செல் கூட்டம் தோன்றுகிறது. நரம்பு முகடு என்பது அதன் பெயர். வில்ஹெல்ம் ஹிஸ் 1868இல் கோழிக்கருவில் இதை முதலில் கண்டார். இந்தச் செல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை, உடம்பு முழுக்கப் பயணம் போகின்றன. சில தோலின் நிறமி செல்களாகின்றன. சில குடலின் சுவருக்குள்ளேயே நரம்பு வலையாகின்றன. சில முதுகெலும்பின் இரு பக்கமும் கழுத்திலிருந்து இடுப்புவரை சங்கிலியாக அமர்ந்து பரிவு நரம்பு மண்டலமாகின்றன. சில சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதியாகின்றன.

எந்தச் செல் எங்கே போனது என்று எப்படித் தெரியும்? பிரான்சில் நிக்கோல் லெ துவாரின் ஒரு அழகான தந்திரம் செய்தார். காடையின் செல்லும் கோழியின் செல்லும் நுண்ணோக்கியில் பார்த்தால் வேறு வேறாகத் தெரியும். உட்கருவின் தோற்றம் காட்டிக்கொடுத்துவிடும். காடைக் கருவின் நரம்பு முகட்டை எடுத்துக் கோழிக் கருவில் வைத்தார். கரு வளர்ந்த பிறகு காடைச் செல்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடினார். குடலிலும் கணையத்திலும் ஹார்மோன் சுரக்கும் செல்களும் நரம்பு முகட்டின் பிள்ளைகள்தான் என்று ஒரு புகழ்பெற்ற கருத்து அப்போது இருந்தது. அதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, வி.ஐ.பி.யை நோயாளிகளிடம் கண்ட மூவரில் ஒருவரான பியர்ஸ். காடைச் செல்கள் அந்தக் கருத்தை ஆதரிக்கவில்லை. குடலின் நரம்புகளில் இருந்தன. கணையத் தீவுகளில் இல்லை.

இதற்குள் இன்னொரு செய்தியும் வந்துவிட்டிருந்தது. 1976இல் சயீத், ரோஜர் ரோசன்பர்க்குடன் சேர்ந்து, ஆய்வகத்தில் வளர்க்கும் நரம்பு வழிச் செல்களிலும் இயல்பான நரம்புத் திசுக்களிலும் வி.ஐ.பி. ஏராளமாக இருப்பதைக் கண்டார். குடலில் கிடைத்ததால் குடல் ஹார்மோன் என்று நினைத்த பொருள், உண்மையில் நரம்புகளின் பொருள். குடலில் இருந்ததும் குடலின் நரம்புகளுக்குள் இருந்ததுதான். நரம்பு நுனி அதை ஒரு துளி வெளிவிடும். பக்கத்துச் செல் கேட்கும். ஓரிரு நிமிடங்களில் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். பொத்தானைத் தொட்டு விலகும் விரல் அது. ரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் சுற்றுவதற்கு ஆனதல்ல.

குழந்தைகளின் கட்டி ஏன் கணையத்தில் இல்லாமல் நரம்பில் வருகிறது என்பது இப்போது விளங்குகிறது. நரம்பு முகட்டிலிருந்து வந்த செல்கள் சில, பயணத்தின் நடுவில் முதிராமல் தங்கிக் கட்டியாவதுதான் நியூரோபிளாஸ்டோமா. மூளைக்கு வெளியே குழந்தைகளுக்கு வரும் திடக்கட்டிப் புற்றுகளில் மிக அதிகம் காணப்படுவது. அதே வகைக் கட்டி முழுக்க முதிர்ந்து நரம்பு செல்களாகவே இருந்தால் கேங்லியோநியூரோமா, அது புற்றல்ல. பாதி முதிர்ந்து பாதி முதிராமல் இருப்பது கேங்லியோநியூரோபிளாஸ்டோமா. இவற்றில் ஒரு சிறு பங்குதான் வி.ஐ.பி.யைப் பேதி வருமளவுக்குச் சுரக்கிறது. அந்தச் செல்களுக்கு அது ஒன்றும் புது வித்தையல்ல, பரம்பரைத் தொழில். நேர்ந்த கோளாறு என்னவென்றால், பக்கத்துச் செல்லிடம் ஒரு துளி சொல்ல வேண்டியதை, கட்டியாகத் திரண்டபின் ரத்தத்தில் நாள் முழுக்கக் கொட்டுகின்றன. அட்ரினலில் இருந்தாலும் சரி, நெஞ்சுக்கூட்டின் பின்பக்கத்தில் இருந்தாலும் சரி, குடலின் எல்லாப் பொத்தான்களும் ஒன்றாக அழுந்துகின்றன.

மற்ற உறுப்புகளிலும் இதற்கு ஏற்பிகள் உண்டு என்பதால் சில தடயங்கள் கிடைக்கும். முகம் திடீரென்று சிவக்கலாம். ரத்தக் குழாய் விரிகிறது. இரைப்பை அமிலம் குறையும். குடலின் தசை தளர்வதாலும் பொட்டாசியம் போய்விடுவதாலும் வயிறு ஊதிக்கொண்டு, குடல் அடைப்போ என்று சந்தேகப்பட வைக்கலாம். பொட்டாசியம்தான் உண்மையான ஆபத்து. பெருங்குடல் அதை மலத்தில் இழந்துகொண்டே இருக்கும். குழந்தை துவண்டு போகும், கழுத்து நிற்காமல் சரியும், இதயத்துடிப்பு தடுமாறலாம். இன்று டிரிப்ஸில் பொட்டாசியத்தை ஏற்றிச் சரிசெய்தால் நாளை மறுபடி குறைந்து நிற்கும். சாதாரணப் பேதி இப்படிச் செய்யாது. இந்தப் பிடிவாதமே மருத்துவரை யோசிக்கவைக்க வேண்டும். பிறந்த நாள் முதலே தண்ணீராகப் போகிறதென்றால் பிறவியிலேயே குடலின் உப்பு வழிகளில் குறைபாடுள்ள வேறு சில நோய்களைத் தேட வேண்டும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டித் தொடங்கி நிற்காமல் போனால்தான் கட்டியின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படிக்கும் தாய்மார்கள் இன்றிரவு தூங்கமாட்டார்கள். குழந்தைகளின் நாள்பட்ட பேதிக்குக் காரணம் அநேகமாக எப்போதுமே வேறு: கிருமித்தொற்றுக்குப் பின் குடல் ஆறாதது, பால் புரத ஒவ்வாமை, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், அளவுக்கு மீறிய பழச்சாறு. பல குழந்தை மருத்துவர்கள் ஓய்வுபெறும் வரை ஒரு வி.ஐ.பி. கட்டியைக்கூடப் பார்க்காமல் போகலாம். அதனால்தான் பார்க்கும்போது நினைவுக்கு வருவதுமில்லை. பேதி தொடங்கி மாதக்கணக்கு கழிந்த பின்பே கட்டி பிடிபட்டதாக மருத்துவ இதழ்களின் பதிவுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சந்தேகம் வந்துவிட்டால் ரத்தத்தில் வி.ஐ.பி.யை அளக்க வேண்டும். அங்கும் ஒரு சிக்கல். ஓரிரு நிமிடங்களில் சிதையும் பொருள் என்றோமே, அது சோதனைக் குழாயிலும் சிதையும். நொதிகளைத் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பேதி போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. ஒருமுறை சரியாக வந்துவிட்டதென்று விட்டுவிடவும் கூடாது. நியூரோபிளாஸ்டோமாவைத் தேட வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ச் சோதனை, அட்ரினலின் குடும்பத்துப் பொருள்களின் கழிவை அளப்பது, இந்தக் குழந்தைகளில் பலருக்கு இயல்பாகவே இருந்து ஏமாற்றிவிடும். கட்டி வி.ஐ.பி. செய்வதில் மும்முரமாக இருந்து மற்றதைச் செய்யாமல் இருக்கலாம். வயிற்றை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது; பரிவு நரம்புச் சங்கிலி நெஞ்சிலும் கழுத்திலும் ஓடுகிறது, அங்கும் பார்க்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கரைசல் இங்கே என்ன செய்யும்? குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து நுழைகிற வழி ஒன்று குடல் செல்லில் தனியாக இருக்கிறது. மணி எவ்வளவு அடித்தாலும் அது மூடுவதில்லை. காலராவில் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது அந்த வழிதான். இந்தக் குழந்தைக்கும் அது இழப்பை ஓரளவு ஈடுகட்டும், பேதியை நிறுத்தாது. சோமாட்டோஸ்டாட்டின் என்ற உடம்பின் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஆக்ட்ரியோடைடு ஊசி, கட்டியின் சுரப்பைக் குறைத்துச் சில நாட்களோ வாரங்களோ அவகாசம் வாங்கித் தரலாம். பொட்டாசியத்தைச் சரிக்கட்டாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்பதால் அந்த அவகாசம் பெரிய உதவி. தீர்வு அறுவை சிகிச்சைதான். கட்டியை முழுக்க எடுத்துவிட்டால் பேதி பெரும்பாலும் சில நாட்களுக்குள்ளேயே, சில குழந்தைகளில் அதைவிட வேகமாக, நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் எந்த மருந்துக்கும் மசியாத பேதி. ஒயர் பழுதாகியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த நோயின் விசித்திரமான பகுதியை விட்டுவைத்திருந்தேன். நியூரோபிளாஸ்டோமாவுக்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த சில குழந்தைகளுக்கு, முன்பு பேதியே இல்லாதவர்களுக்கு, சிகிச்சையின் நடுவில் தண்ணீர்ப் பேதி தொடங்கியிருக்கிறது. மருந்தின் பக்கவிளைவு என்றோ தொற்று என்றோதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ரத்தத்தைச் சோதித்தால் வி.ஐ.பி. ஏறியிருக்கும். கட்டியை எடுத்து, வி.ஐ.பி. இருக்கும் செல்கள் மட்டும் ஒளிரும்படி சாயமேற்றிப் பார்க்கும்போது, ஒளிர்பவை முதிராத புற்றுச் செல்களாக இருப்பதில்லை. நன்கு முதிர்ந்த, இயல்பான நரம்புச் செல்லின் உருவத்துக்கு வந்துவிட்டவை. மருந்து முதிராதவற்றைக் கொல்கிறது, மிஞ்சியவை முதிர்கின்றன, முதிர்ந்தவை நரம்புகளின் தொழிலைக் கையிலெடுக்கின்றன. வி.ஐ.பி. சுரக்கும் நரம்புக் கட்டிகள், சுரக்காதவற்றைவிடப் பொதுவாக நல்ல முடிவைத் தருபவை என்பதற்கும் விளக்கம் இதுவே.

ஆக, பேதி மோசமாவதும் புற்று சாதுவாவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். புற்றின் பக்கமிருந்து மட்டும் பார்த்தால் முதிர்ந்து அடங்கிய கட்டியை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை என்று தோன்றும். பொட்டாசியத்தைப் பார்த்தால் காத்திருக்க நேரமில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு அறுவையை முன்னதாகவே செய்துவிடுவது உண்டு. எடுத்த பிறகும் வி.ஐ.பி.யை அவ்வப்போது அளந்துபார்ப்பார்கள். அளவு மறுபடி ஏறினாலோ, பேதி திரும்பினாலோ, இம்முறை யாரும் பால் பவுடரை மாற்றுவதில்லை. நேராக ஸ்கேன் அறைக்குத்தான்.